‘வயிறு உப்பிக் கிடக்கு’ என்பவளை நம்புங்கள்: உணவுக் கோளாறில் சிக்கிய சீன நண்பருக்குத் துணை நிற்பது எப்படி

சிங்கப்பூரில் நான் வாடகைக்கு இருந்த வீட்டில் பக்கத்து அறையில் ஒரு பெண் இருந்தாள். சீனாவில் சிச்சுவான் பக்கம், மேற்படிப்புக்கு வந்தவள். என்னைவிட ஆறு வயது சின்னவள் என்பதால் என்னை ‘ஜியெஜியே’ என்றுதான் கூப்பிடுவாள், அக்கா என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் சமையலறை அவளுடையது. காய்ந்த மிளகாயும் சிச்சுவான் மிளகும் எண்ணெயில் பொரிகிற நெடி மாடிப்படி வரைக்கும் வரும். வீட்டில் இருந்த நாலு பேருக்கும் சமைத்து, தட்டுகளை நடுவில் வைத்து, எங்கள் கிண்ணத்தில் ஒவ்வொரு துண்டாகக் குச்சியால் எடுத்துப் போட்டு, நாங்கள் சாப்பிடுவதை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் கிண்ணத்தில் நாலைந்து கீரைத் தண்டு இருக்கும், அதையும் பக்கத்தில் வைத்திருக்கும் வெந்நீர்க் குவளையில் ஒவ்வொன்றாக முக்கி, எண்ணெய் போக அலசித்தான் வாயில் வைப்பாள்.

“நீ ஏம்மா சாப்பிடல?” என்று கேட்டால், “வயிறு உப்பிக் கிடக்கு ஜியெஜியே, உள்ளே இறங்கல” என்பாள். மாதக்கணக்கில் இதே பதில். நானும் நாலு ஆங்கிலக் கட்டுரை படித்துவிட்டு, எல்லாம் புரிந்துவிட்டது என்கிற நினைப்பில், ஒருநாள் “நீ குண்டாவெல்லாம் இல்லம்மா, எதுக்கு இப்படிப் பயப்படுறே?” என்று கேட்டுவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. குச்சியைக் கிண்ணத்தின் மேல் இணையாக வைத்துவிட்டு எழுந்து போனாள். அதற்கப்புறம் மூன்று வாரம் என்னோடு மேஜையில் உட்காரவே இல்லை. குண்டாகப் பயம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை, நான்தான் அதை அவள் வாயில் திணித்தேன்.

அன்றைக்கு எனக்குத் தெரியாமல் இருந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஹாங்காங்கிலும் சீனர்களோடு ஒரே வீட்டில், ஒரே வார்டில், ஒரே அலுவலகத்தில் இருக்கிற தமிழர்கள் ஏராளம். சீனக் குடும்பத்தில் பெண் எடுத்தவர்களும் கொடுத்தவர்களும் உண்டு. அவர்களுக்குப் பயன்படும். இதை வைத்துக்கொண்டு யாருக்கும் நோய்ப் பெயர் சூட்டாதீர்கள், அது மருத்துவர் வேலை. இன்னொன்று, ‘சீனர்’ என்பது ஒரே ஆள் இல்லை. பினாங்கில் ஹொக்கியன் பேசிக்கொண்டு நாலாவது தலைமுறையாக இருப்பவரும், ஹாங்காங்கின் கான்டனீஸ் பிள்ளையும், சிச்சுவான் தலைநகர் செங்டுவிலிருந்து போன வருடம் வந்த மாணவியும் வேறு வேறு உலகம். கீழே நான் சொல்வது ஹாங்காங்கிலும் சீன நிலப்பரப்பிலும் அடிக்கடி பார்க்கப்பட்ட போக்குகள். உங்கள் எதிரில் இருக்கிறவர் அதில் எதிலுமே அடங்காமல் போகலாம், அப்போது அவரைத்தான் நம்ப வேண்டும், இந்தப் பக்கத்தை இல்லை.

பட்டினியையும் ஆளையும் தனியாகப் பிரியுங்கள்

மனப்பண்பு என்று பேசுவதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லாமே தப்பாகப் போகும். 1944-45ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர், போர்முனைக்குப் போக மறுத்த 36 இளைஞர்களை அவர்கள் சம்மதத்தோடு ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்துப் பார்த்தார். உடம்பும் மனமும் திடமாக இருக்கிறவர்களாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்த ஆட்கள். கொஞ்ச மாதத்தில் அவர்கள் சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பித்தார்கள், சாப்பாட்டைத் துண்டு துண்டாக்கி ரொம்ப நேரம் வைத்துச் சாப்பிட்டார்கள், தட்டை நக்கினார்கள், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார்கள், நண்பர்களை விட்டு ஒதுங்கினார்கள்.

என் பக்கத்து அறைப் பெண் ஊருக்கே சமைத்துப் போட்டுவிட்டுத் தான் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்ததை, “சீனக் கலாசாரத்தில் விருந்தோம்பல் அதிகம்” என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் கொஞ்சம் உண்மை இருந்திருக்கலாம், ஆனால் பெரும்பங்கு பசித்த மூளையின் வேலை. எரிச்சல், பிடிவாதம், எண்ணி எண்ணிச் சாப்பிடுவது, ஒதுங்கல், இதையெல்லாம் ‘இவள் குணமே இப்படி’ என்று முடிவு கட்டாதீர்கள். உடம்பு தேறிய பிறகும் மிச்சம் இருப்பதுதான் குணம்.

வயிறு சொல்வதைக் காதில் வாங்குங்கள்

இந்த விஷயத்தில் நான் அதிகம் கற்றுக்கொண்டது சிங் லீ என்கிற ஹாங்காங் மனநல மருத்துவரின் வேலையிலிருந்து. ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர், எண்பதுகளின் கடைசியிலிருந்து அனோரெக்ஸியா (சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்து உடம்பு ஆபத்தான அளவுக்கு இளைத்துப்போகிற நோய்) வந்தவர்களைப் பார்த்துவந்தார். அந்தக் காலத்துப் பாடப்புத்தகத்தில் இந்த நோய்க்கு அடையாளமே ‘குண்டாகிவிடுவோமோ என்கிற பயம்’. இவர் எதிரில் வந்து உட்கார்ந்தவர்களோ அதைச் சொல்லவே இல்லை. 1993ல் அவரும் உடன் வேலை செய்தவர்களும் வெளியிட்ட ஆய்வில் 70 சீன நோயாளிகள், அவர்களில் 41 பேரிடம் நோய்க்காலம் முழுக்கவே அந்தப் பயம் இல்லை. மேல்வயிறு உப்பியிருக்கிறது, பசிக்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, இல்லாவிட்டால் சும்மா கொஞ்சமாகத்தான் சாப்பிடுகிறேன், இவ்வளவுதான் அவர்கள் சொன்ன காரணம். இன்னொன்றையும் அந்த ஆய்வு பார்த்தது: இந்த 41 பேர் நோய் வருவதற்கு முன்பே மற்றவர்களைவிட ஒல்லியாக இருந்தவர்கள். இளைக்க வேண்டும் என்கிற எண்ணம் அவர்களுக்கு எதற்கு வர வேண்டும்?

இதைக் கேட்டவுடன் சிலர், “அப்படின்னா மறைக்கிறாங்க, உள்ளுக்குள்ளே பயம் இருக்கும்” என்பார்கள். சிலர் மறைக்கத்தான் செய்வார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் எல்லோரையும் அந்தக் கணக்கில் சேர்ப்பது அநியாயம். மனதில் இருக்கிற பாரத்தை உடம்பின் வழியாகச் சொல்வது சீனத்தில் பொய் இல்லை, அது ஒரு முறையான பேச்சு. 1980ல் ஆர்தர் கிளைன்மன் என்கிற அமெரிக்க மருத்துவர் ஹுனான் மாகாணத்துச் சாங்ஷாவில், நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி வந்த 100 பேரைச் சோதித்ததில் 87 பேருக்கு மனச்சோர்வு நோய் இருந்தது. அவர்கள் வந்ததோ தலைவலி, தூக்கமின்மை, அசதி என்று சொல்லிக்கொண்டுதான். நமக்கும் இது புதிதா என்ன? “நெஞ்சை அடைக்குது”, “வயித்தைப் பிசையுது” என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்கிறபோது அது வாயுத் தொல்லையா மனத் தொல்லையா என்று பிரித்தா சொல்கிறார்கள்?

அதுவும் போக, வயிறு உப்புவது நிஜமாகவே நடப்பது. வெகுநாள் குறைவாகச் சாப்பிட்டால் இரைப்பை காலியாவது மெதுவாகிவிடும், நாலு வாய் போனாலே மூச்சுமுட்டும். ஆக, “வெய் ஜாங்” (அவர்கள் மொழியில் இரைப்பை உப்பியிருக்கிறது என்பதற்கு இதுதான் சொல்) என்று ஒருவர் சொன்னால், அந்த நிமிடம் அவர் உடம்பில் நடப்பதைத்தான் சொல்கிறார்.

சரி, அப்புறம் என்ன கேட்பது? குண்டு, ஒல்லி, எடை, அளவு எதையும் நீங்களாகக் கொண்டுவராதீர்கள். “எப்போதிலிருந்து இப்படி உப்புது? காலையிலா ராத்திரியா?” “யாரோடு சாப்பிட்டா கொஞ்சம் இறங்குது?” “இது ஆரம்பிச்ச மாசம் வேற என்ன நடந்துச்சு?” இந்த மூன்றாவது கேள்வியைக் கொஞ்ச நாள் கழித்துக் கேளுங்கள். நான் கேட்டபோது அவள் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, ஊரில் தாத்தா இறந்ததும் பரீட்சை என்பதால் வீட்டில் யாரும் தனக்குச் சொல்லாமல் விட்டதும் அந்த மாதம்தான் என்றாள். நானாக எத்தனை யூகம் செய்தாலும் அங்கே போய்ச் சேர்ந்திருக்க மாட்டேன்.

மருத்துவ உலகமும் இந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது. 2013ல் வந்த அமெரிக்க மனநலக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில், பயம் இருப்பதாக ஒருவர் சொல்லாவிட்டாலும் எடை ஏறவிடாமல் தடுக்கிற நடத்தை தொடர்ந்து இருந்தாலே போதும் என்று விதியைத் தளர்த்தினார்கள். ஆகவே “நான் குண்டாகப் பயப்படல, அதனால எனக்கு அந்த நோய் இல்ல” என்று உங்கள் நண்பர் சொன்னால், அந்த வாதம் இன்று செல்லாது என்பதை நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வாதாடச் சொல்லவில்லை, தெரிந்து வைத்திருந்தால் போதும்.

ஆனால் இதோடு நிறுத்தினால் நான் உங்களை முப்பது வருடம் பின்னால் தள்ளிவிட்டவளாவேன். 1994 கடைசியில் ஹாங்காங் தெருவில் 14 வயதுப் பள்ளிப் பெண் ஒருத்தி சரிந்து விழுந்து இறந்தாள். பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின, டயட்டும் குண்டாகிற பயமும்தான் காரணம் என்கிற மேற்கத்திய விளக்கம் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகான வருடங்களில் சிகிச்சைக்கு வருகிறவர்களும் கூடினார்கள், வருகிறவர்கள் சொல்கிற காரணமும் மாறியது. சிங் லீயின் குழு 1987லிருந்து 2007 வரை வந்த 195 பேரின் பதிவுகளைப் பார்த்து 2010ல் எழுதியது: பிற்பாதியில் நோயாளிகள் எண்ணிக்கை இரட்டிப்பானது, குண்டாகிற பயம் சொல்கிறவர்கள் கூடினார்கள், புலிமியா (அதிகமாகத் தின்றுவிட்டு வாந்தி எடுக்கிற நோய்) பெருகியது. இன்றைய செங்டுப் பெண்ணிடம் இரண்டுமே இருக்கலாம், காலையில் வயிறு உப்பல், ராத்திரியில் கண்ணாடி முன்னால் அழுகை. எது முதலில் வந்தது என்பதை அவளே சொல்லட்டும்.

‘பேச்சைக் கேட்கிற பிள்ளை’க்கு எப்படிப் பேசுவது

பூரணத்துவ வெறி எந்த நாட்டிலும் இந்த நோயோடு ஒட்டிக்கொண்டு வருவதுதான். சீனத்தில் அதற்குக் குடும்பத்தின் நிறம் உண்டு. குழந்தையைப் பாராட்ட அவர்கள் அதிகம் பயன்படுத்துகிற இரண்டு சொற்கள் ‘திங்ஹுவா’, ‘தோங்ஷி’. முதலாவது அப்படியே நம்முடைய ‘பேச்சைக் கேட்கிற பிள்ளை’. இரண்டாவதைத் தமிழில் சொல்ல வேண்டுமானால் ‘விவரம் புரிந்த பிள்ளை’, அதாவது அப்பா அம்மா கஷ்டத்தைச் சொல்லாமலே புரிந்துகொண்டு எதுவும் கேட்காத பிள்ளை. கேட்காத பிள்ளைக்குப் பாராட்டு என்றால், கேட்பதே குற்றம் என்று ஆகிவிடுகிறது. பசி என்பதும் ஒரு கேட்பதுதானே.

இதன் மேல் ‘பிறத்தியார் வீட்டுப் பிள்ளை’ என்கிற ஒப்பீடு (சீனாவில் இது பழமொழி மாதிரியே புழங்குகிறது), அதன் மேல் ஜூன் மாதம் வருகிற ‘காவ்காவ்’ என்கிற பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. 2024ல் 1 கோடியே 34 லட்சம் பேர் எழுதினார்கள். ஒற்றைக் குழந்தைச் சட்டம் 2015 வரை இருந்ததால், இன்று இருபதுகளில் இருக்கிற பலர் அப்பா அம்மா, இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி என ஆறு பேரின் ஒரே நம்பிக்கையாக வளர்ந்தவர்கள். துன்பத்தைத் தாங்குவதற்கு அவர்கள் மொழியில் ‘ச்சி கூ’ என்று பெயர், கசப்பைத் தின்பது. கசப்பைத் தின்னத் தெரிந்தவர்தான் உருப்படுவார் என்று கேட்டு வளர்ந்தவருக்குப் பசியைத் தாங்குவது தோல்வியாகத் தெரியாது, கையில் இருக்கிற ஒரே வெற்றியாகத் தெரியும். எத்தனை மார்க் வரும் என்பது கையில் இல்லை, எத்தனை வாய் உள்ளே போகும் என்பது கையில் இருக்கிறது.

இங்கேதான் உதவுகிறவர்கள் வழுக்குகிறோம். அவள் ஒரு வேளை நன்றாகச் சாப்பிட்டுவிட்டால், “அட, சமர்த்து! இப்படித்தான் இருக்கணும்” என்று சொல்லிவிடுவோம். அந்த நொடியில் அவள் நமக்கும் ஒரு ‘பேச்சைக் கேட்கிற பிள்ளை’ ஆகிவிடுகிறாள், சாப்பாடு இன்னொரு பரீட்சையாகிவிடுகிறது. மறுநாள் சாப்பிட முடியாவிட்டால் நம்மிடம் மறைப்பாள். சாப்பிட்டதைப் பற்றி எதுவுமே சொல்லாமல் வேறு பேச்சு பேசுங்கள். அவள் உங்களிடம் கோபப்பட்டால், முடியாது என்று சொன்னால், ஒரு உதவி கேட்டால், அப்போது மனதுக்குள் சந்தோஷப்படுங்கள். என் தோழி முதல்முறையாக என்னிடம் எரிச்சலாக “இன்னிக்கு என்னைத் தனியா விடு” என்று சொன்ன நாளை நான் நல்ல நாளாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேன், அதுவரை அவள் யாருக்கும் இல்லை என்று சொன்னதே கிடையாது.

உணர்ச்சிக்குப் பெயர் சொல்லத் தடுமாறுவதும் இவர்களிடம் அடிக்கடி பார்க்கலாம். “மனசு எப்படி இருக்கு?” என்றால் “ஒண்ணுமில்ல” என்றுதான் வரும். கேள்வியை மாற்றுங்கள். “நேத்து தூங்கினியா?” “கை ஏன் இவ்வளவு ஜில்லுனு இருக்கு?” உடம்பில் தொடங்கினால் மனதுக்கு வழி தானாகத் திறக்கும்.

வீடு, அம்மா, ஃபோன்

சீனத் தாய் தகப்பன் தங்கள் வேலையைச் சொல்லப் பயன்படுத்துகிற சொல் ‘குவான்’. மேய்ப்பது, கட்டுப்படுத்துவது, பார்த்துக்கொள்வது எல்லாம் அந்த ஒரே சொல்லில் அடக்கம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அடக்குமுறையாகத் தெரிவது உள்ளே இருக்கிற பிள்ளைக்கு அன்பாகவும் மூச்சுத் திணறலாகவும் ஒரே சமயத்தில் படும். “உங்கம்மா ரொம்பக் கண்ட்ரோல் பண்றாங்க, விட்டுத் தள்ளு” என்று சொல்லாதீர்கள். அவள் உடனே அம்மாவுக்காக வாதாட ஆரம்பிப்பாள், உங்களோடான பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தில் ஜாய்ஸ் மா என்கிற சமூகப்பணிப் பேராசிரியர் இப்படிப்பட்ட குடும்பங்களோடு வருடக்கணக்கில் உட்கார்ந்து பேசியவர். ஹாங்காங்கில் நடந்த குடும்ப சிகிச்சைகளிலிருந்து, பட்டினிக்குக் குடும்பத்துக்குள் என்ன அர்த்தம் இருக்கிறது என்று 2002ல் அவரும் சக ஆய்வாளர்களும் எழுதினார்கள். குடும்பத்துக்காகத் தன்னைத் தியாகம் செய்வது, பெற்றோர் மீதான கடமை, அன்பும் கட்டுப்பாடும் பின்னிக்கிடப்பது, கையாலாகாத நிலையைச் சொல்வது என்று அவர் கண்டவற்றைப் படித்தபோது எனக்கு என் தோழியின் வீடுதான் கண்ணில் வந்தது. அப்பா வேறு ஊரில் வேலை. அவள் சாப்பிடாத செய்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த வாரம் மட்டும் அப்பாவும் அம்மாவும் ஒரே திரையில் சேர்ந்து உட்கார்ந்து பேசினார்களாம். அவள் அதைச் சொன்னபோது குரலில் குறை இல்லை, ஒரு நிம்மதிதான் இருந்தது. எனக்கு அது அப்படியே நெஞ்சில் தைத்தது.

பாட்டி தலைமுறையையும் மறக்கக் கூடாது. 1959லிருந்து 1961 வரை சீனாவில் பெரும்பஞ்சம், கோடிக்கணக்கில் செத்தார்கள். அதைக் கண்ணால் பார்த்த பாட்டிக்குப் பேத்தி சோற்றை ஒதுக்குவது நோயாகப் புரியவே புரியாது, பாவமாகத்தான் புரியும். “நாங்க மரப்பட்டை தின்னோம்” என்று பாட்டி சொல்வதைத் திட்டு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது பயம். குச்சியால் எடுத்துக் கிண்ணத்தில் போடுவதும் அன்புதான், ‘சாப்பிட்டியா’ என்பதே அவர்கள் ஊர் வணக்கம். வாயைத் திறந்து ‘உன்னை நேசிக்கிறேன்’ என்று சொல்லாத வீட்டில் அன்பு முழுக்கச் சோறாகத்தான் வருகிறது, அதைத் தள்ளுகிற பிள்ளை அம்மாவையே தள்ளுகிறது என்று வீடு எடுத்துக்கொள்கிறது.

அந்த வீட்டு ஆட்களோடு நீங்கள் பேச நேர்ந்தால் குற்றம் சாட்டாதீர்கள், வேலை கொடுங்கள். ‘மியென்ட்சு’ என்று அவர்கள் சொல்கிற முகம், நம்முடைய மானம் மரியாதை மாதிரிதான், அது போகாதபடி பேச வேண்டும். எல்லோர் முன்னிலையிலும் விஷயத்தை உடைக்காமல் ஒரு ஆளிடம் தனியாகச் சொல்லுங்கள். மனநோய் என்று ஆரம்பித்தால் கதவு மூடிவிடும். “உடம்பு பலவீனமாயிடுச்சு, இதயத்துடிப்பு மெதுவா இருக்கு, டாக்டர் பார்க்கணும்” என்று ஆரம்பிக்கலாம், அது பொய்யும் இல்லை. வயிற்று மருத்துவரிடம் போகலாம் என்று அவர்கள் சொன்னால் தடுக்காதீர்கள், கூடவே போங்கள். ஆனால் எண்டோஸ்கோப்பி சரியாக இருக்கிறது என்று வந்த பிறகும் இன்னொரு வயிற்று மருத்துவர், அப்புறம் ஒரு நாட்டு வைத்தியர் என்று மாதங்களைக் கரைக்க விடாதீர்கள். பெய்ஜிங்கில் பீகிங் பல்கலைக்கழகத்தின் ஆறாம் மருத்துவமனை, ஷாங்காயில் மனநல மையம் இரண்டிலும் இதற்கென்றே மருத்துவர்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் பொது மருத்துவமனையில் தனிப் பிரிவே உண்டு.

அழகு பற்றிய பேச்சு

இதைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், நான் சுருக்கமாகவே சொல்கிறேன். ‘நல்ல பெண் நூறைத் தாண்ட மாட்டாள்’ என்று ஒரு வாசகம் சீன இணையத்தில் வருடக்கணக்காகச் சுற்றுகிறது. நூறு என்பது நூறு ஜின், ஒரு ஜின் அரை கிலோ. உயரம், வயது எதையும் பார்க்காத கொடூரமான வாசகம். 2016ல் இடுப்பை ஏ4 தாளின் அகலத்துக்குப் பின்னால் மறைத்துப் படம் போடுகிற போட்டி ஓடியது. ‘வெள்ளை, இளமை, ஒல்லி’ மூன்றும் சேர்ந்து ஒரே சொல்லாகவே ஆகிவிட்டது.

ஆனால் எடையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு பாதியைத் தவறவிடுவீர்கள். சோங்சிங்கில் இருக்கிற தென்மேற்குப் பல்கலைக்கழகத்தின் சென் ஹோங்கும் டாட் ஜாக்சனும் செய்த ஆய்வுகளில், சீன இளம்பெண்களின் உணவுச் சிக்கலோடு முகத்தைப் பற்றிய கவலையும் சேர்ந்தே வந்தது. மூக்கு, கண்ணிமை, தாடை, உயரம், பரு. என் தோழி தன் வயிற்றைப் பற்றிப் பேசியதைவிடத் தாடையைப் பற்றிப் பேசியதுதான் அதிகம், செல்ஃபியில் இரண்டு கையாலும் கன்னத்தை மூடிக்கொள்வாள். ‘இளைச்சிட்டே’, ‘முகம் பளிச்னு இருக்கு’, ‘கொஞ்சம் சதை போட்டிருக்கு, இப்பதான் நல்லா இருக்கே’, இதில் எதுவுமே வேண்டாம். கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்து. அவள் புதுச் சட்டையைப் பற்றிச் சொல்லுங்கள், உடம்பை விட்டுவிடுங்கள்.

அதிகமாகத் தின்று வாந்தி எடுக்கிறவர்கள் எடையில் சாதாரணமாகவே இருப்பார்கள், யாருக்கும் தெரியாது. சீன மொழியில் வாந்திக்கும் முயலுக்கும் உச்சரிப்பு ஒன்று என்பதால் சமூக ஊடகங்களில் இவர்கள் தங்களை ‘முயல்’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். உங்கள் தோழியின் பக்கத்தில் முயல் பொம்மை இருந்தால் சந்தேகப்படாதீர்கள், அது வெறும் பொம்மையாகத்தான் இருக்கும். ஆனால் ‘முயல் குழு’ என்று பேச்சு வந்தால் காதைக் கொடுங்கள். இவர்களிடம் இருக்கிற வெட்கம் பட்டினி கிடப்பவர்களிடம் இருப்பதைவிடப் பல மடங்கு, காரணம் அவர்கள் கண்ணில் இது ஒழுக்கத் தவறு. சாப்பாட்டை வீணாக்குவது அங்கே சின்ன விஷயமும் இல்லை: 2021 ஏப்ரலில் உணவு வீணடிப்புத் தடுப்புச் சட்டமே வந்து, மூட்டை மூட்டையாகத் தின்று காட்டுகிற வீடியோக்களுக்குத் தடை விழுந்தது. ராத்திரி குப்பையில் ஐந்தாறு உணவு டெலிவரி டப்பாக்களைப் பார்த்தால் “இவ்வளவும் நீயா தின்னே?” என்று கேட்காதீர்கள். “ராத்திரி கஷ்டமா இருந்துச்சா? அடுத்த தடவை என் கதவைத் தட்டு” என்று சொல்லுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

ஆண்களுக்கும் இது வருகிறது. ஜிம், புரோட்டீன், ‘சுயக்கட்டுப்பாடு’ என்கிற பெயரில் வருவதால் வீட்டில் பெருமைப்படுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

மேஜையில் என்ன செய்வது

சீன மேஜையில் தட்டுகள் நடுவில் இருக்கும், யார் எவ்வளவு எடுத்தார்கள் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். நோயில் இருப்பவருக்கு அது நடு மேடையில் நிற்பது மாதிரி. ரெண்டு பேர் மட்டும், ஆளுக்கொரு கிண்ணம், தனித்தனியாக என்று ஆரம்பியுங்கள். நாங்கள் அரிசிக் கஞ்சியில் ஆரம்பித்தோம், வயிறு உப்புகிறது என்கிறவருக்கு இதமாக இறங்கக்கூடியது, அவர்கள் ஊரிலும் உடம்பு சரியில்லாதவருக்குக் கொடுப்பது. எவ்வளவு என்பதை உணவியல் நிபுணர் சொல்லட்டும். ரொம்ப நாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயமே நின்றுபோகலாம், ஆர்வக்கோளாறில் விருந்து வைத்துவிடாதீர்கள்.

அவர்களிடம் ‘பெய்’ என்று ஒரு அருமையான வினைச்சொல் இருக்கிறது. ஒன்றும் செய்யாமல், கூட இருப்பது. “வோ பெய் நீ”, நான் உன்னோடு இருக்கிறேன். நான் கற்றுக்கொண்ட முதல் சீன வாக்கியம் அதுதான். சாப்பிட்டு முடித்த அடுத்த அரைமணி நேரம்தான் இவர்களுக்கு நரகம், அப்போது நான் பாத்திரம் கழுவாமல் அவளோடு உட்கார்ந்து சீட்டு விளையாடுவேன்.

மயக்கம் போட்டு விழுந்தால், நெஞ்சு வலித்தால், துடிப்பு தாறுமாறாக இருந்தால், தண்ணீர்கூட இறங்காவிட்டால், அடிக்கடி வாந்தி எடுக்கிறவர் கை கால் மரத்துப்போகிறது என்றால், சாக வேண்டும் போல் இருக்கிறது என்று சொன்னால், முகம் மானம் எதையும் பார்க்காமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். பொட்டாசியம் குறைந்தால் இதயம் முன்னறிவிப்பு இல்லாமல் நிற்கும். அவள் கோபித்துக்கொண்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அந்த வருடம் அவளுடைய சிகிச்சை ஆரம்பித்து இரண்டு மாதம் கழித்து, அவள் சம்மதத்தோடு அவளுடைய அம்மாவிடம் ஃபோனில் பேசினேன். எனக்குத் தெரிந்த சீனம் கொஞ்சம், மிச்சத்தை அவளே மொழிபெயர்த்தாள். ஒவ்வொரு ஞாயிறும் அம்மா திரையில் முகத்தைப் பார்த்தவுடன் “இளைச்சிட்டே!” என்றுதான் தொடங்குவார், அப்புறம் “என்ன சாப்பிட்டே?”, அப்புறம் அழுகை. இந்த இரண்டையும் மட்டும் கொஞ்ச நாளைக்கு விட்டுவிடுங்கள் ஆன்ட்டி, வேறு எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னேன். அந்தம்மா வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்படின்னா நான் வேற என்ன கேட்கிறது?” என்றார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து யோசித்தோம். அடுத்த ஞாயிறு ஃபோன் வந்தபோது நான் சமையலறையில் இருந்தேன். அம்மா கேமராவைப் பால்கனிப் பக்கம் திருப்பி, தொட்டியில் வைத்த மிளகாய்ச் செடி பூத்திருப்பதைக் காட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பூவாக எண்ணிச் சொன்னார், பதினொன்று.